ஸ்பீக்கிங் ஆப்புக்குக் காசு கட்டலாமுங்களா?

கேள்வி, 16 ஜூன் 2024, இரவு 9.40 (பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா)

பையன் ஏழாவது. அரசுப் பள்ளி, தமிழ் வழி. பரீட்சையில மார்க் வாங்கிடறான், வாயைத் தொறந்தா ஒரு வார்த்தை இங்கிலீஸு வரமாட்டேங்குது. வருசத்துக்கு 3,000 ரூபாய் கட்டினா பேசப் பழக்கற ஆப் ஒண்ணு இருக்குன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. கட்டலாமுங்களா, இல்ல ஸ்போக்கன் இங்கிலீஸ் கிளாஸுக்கு அனுப்பட்டுமா?

16 ஜூன், இரவு 10.25

கட்டாதீங்க. விவரம் நாளைக்கு. இப்பத்தான் ஒரம்பரை கெளம்பிப் போனாங்க, கண்ணு சொருகுது.

17 ஜூன், இரவு 9.10

நான் கோபி பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில ஆங்கில ஆசிரியர். எட்டாம் வகுப்புல 34 பேர், பீரியட் 40 நிமிசம். நான் வாயே தொறக்காம, அட்டெண்டன்ஸ் கூட எடுக்காம, நேரத்தைச் சரிசமமாப் பங்கு போட்டாலும் ஆளுக்கு 70 நொடிதான் வரும். நடப்புல பத்து நொடி கெடச்சாப் பெருசு, அதுவும் முதல் பெஞ்சுக்காரனுக்கு. உங்க பையனுக்குப் பேச்சு வராததுக்கு இதுதான் காரணமா இருக்கும். மண்டையில கோளாறு ஒண்ணும் இல்ல.

அந்த 70 நொடியை நீட்டலாம்னுதான் நானும் 2022-ல ஒரு ஆப்புக்குச் சொந்தக் காசு கட்டினேன். பையன் போனுக்கு முன்னால வந்து 'ஆப்பிள்'னு சொல்லுவான், பச்சை வெளக்கு எரியும். நாலு நாள் எல்லாருக்கும் பச்சையாவே எரிஞ்சுது. எனக்குச் சந்தேகம். ஆசாரத்துல, அதான் வீட்டு முன்கூடத்துல, தனியா உக்காந்துக்கிட்டு 'ஆப்புலு'ன்னேன். பச்சை. 'யாப்புலு'ன்னேன். அதுக்கும் பச்சை. எங்கூட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாங்க.

18 ஜூன், காலை 6.50

பஸ்ஸுக்கு நிக்கறப்ப எழுதறேன். ஏன் எல்லாத்துக்கும் பச்சைன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கற மென்பொருளோட வேலையே, நாம என்ன சொல்ல வந்திருப்போம்னு ஊகிக்கறது. 2022-ல வந்த விஸ்பர்ங்கற மென்பொருள் 6,80,000 மணி நேர ஒலியைக் கேட்டுப் பழகினது. அவ்வளவு கேட்ட காதுக்கு அரைகுறையாச் சொன்னாலே புரிஞ்சுரும். நம்ம பையன் 'ஐ கோயிங் மார்க்கெட்'னு வாயில சொன்னான், போன் 'ஐ ஆம் கோயிங் டு த மார்க்கெட்'னு எழுதிக் காட்டுச்சு. தான்தான் அப்படிச் சொன்னோம்னு அவனும் நம்பிட்டான். எழுதித் தர்ற வேலைக்கு அது நல்ல குணம். தப்பைக் கண்டுபிடிக்கோணும்னா அதே குணம்தான் கெடுதல். உச்சரிப்புக்குன்னே தனியாச் செஞ்ச மென்பொருள் சத்தம் சத்தமாப் பிரிச்சுப் பார்க்கும், அது வேற ரகம். நீங்க காசு கட்டப்போற ஆப் எந்த ரகம்னு கண்டுபிடிக்கச் சுளுவான வழி, வேணும்னே தப்பாச் சொல்லிப் பாருங்க.

பஸ் வந்துருச்சு.

22 ஜூன், மதியம் 2.15

பொள்ளாச்சிக்காரர் கேட்டது நல்ல கேள்வி: நம்ம புள்ளைங்க எந்தச் சத்தத்துல தடுமாறுதுன்னு. சனிக்கிழமைதானே, நிதானமா எழுதறேன்.

வெளிநாட்டு ஆப் எதைத் தொறந்தாலும் முதல் வாரமே 'ஷிப்', 'ஷீப்'. கப்பலா செம்மறியாடா. உலகத்துக்கெல்லாம் ஒரே பாடம் வெச்சிருக்கான். குறில் நெடில் இல்லாத மொழிக்காரனுக்கு அது தேவை. நமக்கு எதுக்கு? 'கல்'லையும் 'கால்'லையும் மாத்திச் சொல்ற ஒரு தமிழ்ப் புள்ளையைக் காட்டுங்க பார்க்கலாம்.

நம்ம இடறல் வேற எடத்துல. ஒரே 'ப' மூணு வேலை பார்க்குது. கிரிக்கெட் மட்டையும் 'பேட்', முதுகுல தட்டிக் குடுக்கறதும் 'பேட்', கொழுப்பும் 'பேட்'. இந்த இழையில தமிழ் எழுத்துல எழுதிக் காட்டக்கூட முடியல பாருங்க, அதுதான் பிரச்சினையே. அடுத்து, மெய்யில முடியற வார்த்தைக்கு வால் ஒட்டறது: பஸ்ஸு, லைட்டு, புக்கு. அப்பறம் நாம கவனிக்கவே கவனிக்காத ஒண்ணு. எகரத்துல தொடங்கினா முன்னால ஒரு 'ய்' ஒட்டும், ஒகரத்துல தொடங்கினா ஒரு 'வ்' ஒட்டும். எருமையை யெருமைன்னுதானே சொல்றோம், ஒண்ணை வொண்ணுன்னு. அந்தப் பழக்கத்துல முட்டை 'யெக்' ஆகுது, வயசானவர் 'வோல்டு' ஆகறார். இதையெல்லாம் தொடற பாடம் நான் பார்த்த எந்த ஆப்லயும் இல்ல.

'இஸ்கூல்' பத்தி எழுதலைன்னு சண்டைக்கு வராதீங்க, அதுவும் உண்டு.

23 ஜூன், காலை

பொள்ளாச்சிக்காரர் திருத்தியிருக்கார், ஒத்துக்கறேன். 'ஷிப்'புக்கும் 'ஷீப்'புக்கும் வித்தியாசம் வெறும் மாத்திரை இல்ல, இங்கிலீஸ்காரன் குறுகின 'இ'யைச் சொல்றப்ப நாக்கு கொஞ்சம் தளர்ந்து கீழ எறங்கும். நம்ம 'இ' அப்படி இல்ல. ஆனா கேக்கறவனுக்கு ஆடா கப்பலான்னு புரிய நம்ம குறில் நெடிலே போதும். லண்டன்காரனாட்டம் பேசறது என் பாடத்துல இல்லீங்க. சென்னிமலைக்காரன் பேசறது சிங்கப்பூர்க்காரனுக்கு விளங்கோணும், அவ்வளவுதான்.

23 ஜூன், சாங்காலம்

சொல்ல மறந்தேன். எங்க வகுப்புல பீகார்ப் பையன் ஒருத்தன் இருக்கான், அப்பா அம்மா ரெண்டு பேரும் மில்லுல வேலை. தமிழ் நல்லாவே பேசுவான், 'ஏனுங்'னுதான் ஆரம்பிப்பான். இந்தியில அந்தச் சத்தம் ஒவ்வொண்ணுக்கும் தனி எழுத்து இருக்கறதால அவனுக்கு 'ப' வரிசையில கொழப்பமே கெடையாது. மட்டையா கொழுப்பான்னு தீர்ப்பு சொல்ற நாட்டாமையே அவன்தான். ஒரு மாசம் கெத்தா இருந்தான். 'இஸ்கூல்' வந்துச்சு பாருங்க, அவனும் 'இஸ்கூல்'. இந்திக்காரங்களுக்கும் அதே வியாதி. நாட்டாமை பதவி போச்சு.

30 ஜூன், இரவு

திருப்பூர்க்காரர் சூடா எழுதியிருக்கார்: "சார், ஆப் ஆப்னு பேசறீங்க, புள்ளைகிட்ட போன் எங்க இருக்கு?" நியாயம். எங்க வகுப்புல பாதிக்கு மேல வீட்டுக்கு ஒரே போன்தான். அது காலையில ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்ஸுல ஏறி பனியன் கம்பெனிக்குப் போயிரும். ஒம்பது மணிக்கு மேலதான் ஊடு வந்து சேரும், சார்ஜ் பத்து சதவீதத்துல. அப்பறம் அப்பாருக்குப் பழைய பாட்டு, தங்கச்சிக்குக் கார்ட்டூன். இங்கிலீஸுக்கு மிச்சம் ரெண்டு நிமிசம்.

அதனால ரெண்டு நிமிசத்துக்குத் தகுந்த வேலையா வெச்சேன். வாட்ஸ்ஆப்ல 30 நொடி குரல் பதிவு. இன்னைக்கு என்ன சாப்பிட்டே, ஆடு எத்தனை, இட்டாரியில என்ன பார்த்தே, எதுவானாலும் சரி. அனுப்பறதுக்கு முன்னால தானே ஒரு தடவை கேக்கோணும். விதி அது ஒண்ணுதான்.

பொண்ணுங்க வீட்டுல பாதிப் பேர் ஒத்துக்கல. குரல் யார் யாருக்குப் போகும்னு ஒரு அம்மா நேர்ல வந்து கேட்டாங்க. அவங்க கேட்டது சரி, குழுவுல போட்டா எங்க வேணா போகும். குழுவைக் கலைச்சுட்டேன். இப்ப எனக்கு மட்டும் தனியா வரும், மாசக் கடைசியில அழிச்சிருவேன். அதுக்கும் இஷ்டமில்லாதவங்க மதியச் சாப்பாட்டுக்கு அப்பறம் பள்ளி லேப்புல ஹெட்செட் மாட்டிப் பேசிட்டு, கேட்டுட்டு, அழிச்சிட்டுப் போறாங்க.

1 ஜூலை

மேல போட்டதுக்கு ஒரு சிரிப்பு. எங்க பையனுங்க மிசினுக்கும் மரியாதை குடுப்பானுங்க. 'யெஸ்'னு சொன்னா ஒறைப்பா இருக்கும்னு 'யெஸ்ஸுங்க'. போன் அதை 'யெஸ் அங்கிள்'னு எழுதுச்சு. அன்னையிலிருந்து நான் ஸ்டாஃப் ரூம்ல அங்கிள்.

'ங்க'வை விடச் சொல்லணுமான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். இங்கிலீஸ்ல மரியாதையை வார்த்தைக்கு வால் ஒட்டிக் காட்டறது இல்ல, 'குட் யூ', 'ப்ளீஸ்'னு வாக்கியத்தோட முன்னால வைக்கோணும்னு சொல்லிக் குடுத்தேன். ஒரு வாரம் கழிச்சு 'ப்ளீஸுங்க'ன்னு வந்துச்சு. நான் தோத்துட்டேன்.

7 ஜூலை, ஞாயிறு

குரல் பதிவு எங்கிருந்து தோணுச்சுன்னு கேட்டீங்களே. 1986-ல நான் ஒம்பதாவது படிக்கறப்ப எங்க இங்கிலீஸ் வாத்தியார் ஒரு டேப் ரெக்கார்டரைச் சைக்கிள் கேரியர்ல கட்டிக்கிட்டு வந்தார். துண்டு சுத்தி, கயிறு போட்டு, கைக்குழந்தையாட்டம். பாடம் போட்டுக் காட்டப்போறார்னு நெனச்சோம். அவர் மைக்கை எங்க பக்கம் திருப்பினார். நான் ரெண்டு வரி படிச்சேன். திருப்பிப் போட்டார். "யாருடா இது, மூக்கடைச்சவன்?"னேன். "நீதான்"னார். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அடுத்த நாள் நானே போயி இன்னொரு தடவை படிக்கட்டுங்களான்னு கேட்டேன்.

இங்கிலீஸ் சொல்லிக் குடுக்கறதுக்குக் கருவி வந்தது இன்னைக்கு நேத்தா? பிபிசி 1943-லயே வானொலியில இங்கிலீஸ் பாடம் ஆரம்பிச்சுது. 1984 ஆகஸ்ட் 15-லிருந்து பல்கலைக்கழக மானியக்குழு தூர்தர்ஷன்ல வகுப்பு நடத்துச்சு. நம்ம கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26-ல வந்துச்சு, அடுத்த மார்ச்சுலயே கொரோனாவுல பள்ளிக்கூடத்தை மூட, புள்ளைங்களுக்கு அதுவே கதின்னு ஆச்சு. எல்லாத்துக்கும் வாய் இருந்துச்சு, காது இல்ல. அது பேசும், நாம கேக்கோணும். பெங்களூருல 1963-ல தொடங்கின தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்துக்குப் பயிற்சிக்குப் போனப்பதான் மொழி ஆய்வகத்தை உள்ள உக்காந்து பார்த்தேன். ஆளுக்கொரு தடுப்பு, ஹெட்போன், பேசினா பதிவாகும். அங்கயும் எனக்குப் பிடிச்சது அந்தப் பதிவுப் பொத்தான்தான். இப்ப அது நாலாயிரம் ரூபாய்ப் பழைய போன்லயே இருக்கு.

8 ஜூலை

"அப்ப ஆப் எதுவுமே வேண்டாங்கறீங்களா" இது மூணாவது ஆள். வேண்டாம்னு சொல்லல. கூகுளோட ரீட் அலாங் காசில்லாம வந்தது. புள்ள சத்தமாப் படிக்கும், தியான்னு ஒரு பொம்மை கேட்டுக்கிட்டே இருந்து தடுக்கின எடத்துல எடுத்துக் குடுக்கும். கதையை ஒரு தடவை எறக்கிட்டா நெட் இல்லாமலும் ஓடும். பர்கூர் மலையில சிக்னல் இல்லாத ஊர்ல வேலை பார்க்கற என் கூட்டாளி ஒருத்தர் கோபி வர்றப்பெல்லாம் கதைகளை எறக்கிக்கிட்டுப் போவார். 2020-ல வந்த ஆப் அது.

8 ஜூலை, பின்னிரவு

ஈரோட்டுக்காரர் சொன்னது சரி. 2019 மார்ச்சுலயே 'போலோ'ங்கற பேர்ல இந்தியாவுக்குன்னு வந்துருச்சு, அப்ப இந்தியும் இங்கிலீஸும் மட்டும். தமிழ் பின்னாலதான் சேர்ந்துச்சு. 2020-ல ரீட் அலாங்னு பேர் மாறுச்சு. நான் பேர் மாறின வருசத்தைச் சொல்லிட்டேன்.

14 ஜூலை

மொழிபெயர்ப்பு ஆப்பை நம்பி வீட்டுப்பாடம் எழுதற கூத்து. 'மை ஹெச்.எம். தே ஆர் வெரி குட்.' தலைமையாசிரியர் எத்தனை பேருடான்னேன். ஒருத்தருதானுங்கன்னான். 'அவங்க'ன்னு மரியாதையாச் சொன்னதை மிசின் பன்மையா எடுத்துக்கிச்சு. 'அவங்க'ன்னா அவரா, அந்த அம்மாவா, பல பேரான்னு நமக்கு எடத்தைப் பார்த்துத் தெரியும். அதுக்கு எடம் தெரியாது, முன்னால இருக்கற வரி மட்டும்தான் தெரியும்.

அதே மாதிரி 'நாம', 'நாங்க' ரெண்டுக்கும் 'வீ'தான். "நாங்க பண்ணாரிக்குப் போறோம்"னு ஒருத்தி எழுதினதை இன்னொருத்தி இங்கிலீஸ்ல படிச்சுட்டு, தன்னையும் கூட்டிட்டுப் போறாங்கன்னு நெனச்சுத் துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டா. ரெண்டு நாள் பேச்சு வார்த்தை இல்ல. அதை வெச்சே ஒரு பீரியட் ஓட்டினேன். 'வித் யூ', 'வித்தவுட் யூ' எப்ப சேர்க்கோணும்னு இனி அந்த ரெண்டு பேருக்கும் மறக்காது.

21 ஜூலை, இரவு 11

சாட்ஜிபிடி பத்தி யாரோ கேக்கப்போறீங்கன்னு தெரியும். 2022 நவம்பர் கடைசியில வந்தது, எங்க பள்ளி லீவ் லெட்டர்ல 2023 ஜூன்ல வந்து சேர்ந்துச்சு.

நாப்பது வருசமா நம்ம ஊர் லீவ் லெட்டருக்கு ஒரே நோய், 'சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்'. கல்யாணத்துக்குப் போனாலும் ஃபீவர், நோம்பிக்குப் போனாலும் ஃபீவர். திடீர்னு ஒருத்தன் 'அன்ஃபோர்சீன் சர்கம்ஸ்டன்சஸ்'னு குடுத்தான். படிடான்னேன். முதல் வார்த்தையிலயே ஆளு படுத்துட்டான். என்னடா சர்கம்ஸ்டன்ஸ்? "ஆடு குட்டி போட்டுருச்சுங்க." அதை எழுதுடான்னேன். 'மை கோட் கேவ் டூ பேபி. ஐ ஹெல்ப் அம்மிச்சி.' இந்த மாதிரி லெட்டருக்கு ரெண்டு நாள் லீவே குடுக்கலாம்.

ஆனா அதே மிசின்தான் எனக்கு இந்த வருசத்துலயே நல்ல வகுப்பைக் குடுத்துச்சு, அதுவும் தப்புப் பண்ணி. நாங்க நடத்தின இருவது வார்த்தையை மட்டும் வெச்சு ஈரோட்டு மஞ்சள் பத்தி ஆறு வரிக் கதை எழுதச் சொன்னேன். அதுல குடியானவர் ஏணி வெச்சு மரத்துலிருந்து மஞ்சள் பறிச்சார். நான் கவனிக்காம போர்டுல எழுதிப் போட்டுட்டேன். வாயே தொறக்காத கடைசி பெஞ்சு எந்திரிச்சுது. "நோ சார்! மஞ்சள் நோ ட்ரீ! அண்டர் மண்!" இன்னொருத்தன், "ஆடி புட், தை டிக்!" ஆடியில நட்டுத் தையில வெட்டறதாம். பத்து நிமிசம் இங்கிலீஸ்ல ஒரே ரகளை. இலக்கணம் கெடக்குது விடுங்க. அவனுங்களுக்குத் தெரிஞ்சது மிசினுக்குத் தெரியலைங்கறப்ப வந்த வேகத்தைப் பார்க்கோணுமே.

இப்ப வேணும்னே தப்பு வெச்சுக் கதை கேக்கறேன். அது அவ்வளவு சுவையா வரமாட்டேங்குது. தானா வர்ற தப்புதான் தப்பு.

28 ஜூலை

முதல் நாள் 'கட்டாதீங்க'ன்னு ஒத்தை வார்த்தையில அடிச்சேன். ஒரு வாரமா அது உறுத்துது. காரணம் ஒரு பொண்ணு. கொஞ்சம் திக்குவாய். வகுப்புல யாருக்கு முன்னாலயும் பேசாது, எனக்குக் குரல் பதிவும் அனுப்பாது. லேப்புல அந்தத் தியாவுக்கு மட்டும் தெனமும் படிச்சுக் காட்டுது. நான் பக்கத்துல போனா நிறுத்திரும். பொம்மை சிரிக்காது, அவசரப்படுத்தாது, வார்த்தையை வாயிலிருந்து புடுங்கிச் சொல்லாது. நான் புடுங்கியிருக்கேன், உதவின்னு நெனச்சுக்கிட்டு. பச்சை வெளக்கு பொய்யா எரியறதைச் சிரிச்சேனே, அந்தப் பொண்ணுக்கு அந்தப் பச்சையும் வேண்டியிருக்கு.

ஆக, என் பதிலைத் திருத்திக்கறேன். 3,000 கட்டாதீங்கங்கறது அப்படியே நிக்குது. ஆப் ஆகாதுங்கறது நிக்கல.

3 ஆகஸ்ட்

ஆடிப் பதினெட்டு, பவானி கூடுதுறையில கூட்டம். பஸ்ஸுல முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். சத்தியமங்கலத்துக்காரர் கேள்விக்கு மட்டும் பதில்: வீடியோவை 0.75 வேகத்துல வெச்சு, தமிழ் வரியை எடுத்துட்டு இங்கிலீஸ் வரியோட பார்க்கச் சொல்லுங்க. ரெண்டாம் தடவை வரியும் இல்லாம. மிசின் தானா போடற வரியில ஊர்ப் பேரெல்லாம் கண்டபடி வரும், பயந்துராதீங்க.

11 ஆகஸ்ட், இரவு

கேள்வி கேட்ட அம்மா திரும்ப வந்திருக்காங்க. ஆப் வாங்கலையாம். கடைவீதியில 150 ரூபாய்க்கு மைக் வெச்ச இயர்போன் வாங்கிக் குடுத்து, பையனைத் தெனமும் 30 நொடி அவங்க மாமாவுக்குப் பேசி அனுப்பச் சொன்னாங்களாம். முதல் நாள் தொண்டுபட்டிக்குப் பின்னால போயி உக்காந்துக்கிட்டு பதினொண்ணு பேசி, பதினொண்ணையும் அழிச்சிட்டு, பன்னெண்டாவதை அனுப்பினானாம். அழிச்சதையெல்லாம் திரும்ப எடுத்துக் கேக்க வழி உண்டுங்களான்னு கேட்டிருக்கீங்க. இல்லீங்க. இருந்தாலும் கேக்காதீங்க, அது அவனுக்கும் போனுக்கும் உள்ள விசயம்.

அனுப்பின பன்னெண்டாவதைக் கேட்டேன். எரும பத்தி. நாலு வாக்கியம், நடுவுல கோழி கத்துது. 'பேட்'டெல்லாம் பிரிஞ்சு நல்லா வந்திருக்கு. 'யெவரிடே'ல மட்டும் அந்த 'ய்' ஒட்டிக்கிட்டிருக்கு. இப்பச் சொல்ல வேண்டாம், இன்னும் பத்து நாள் போகட்டும்.